கோடியில் அடுக்கிய மூட்டைகள்

பாப்பா,

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் பாதியில், "சரிம்மா, ஆபீஸ்ல இருக்கறேன், அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. காகிதத்தில் எழுதினால் நடுவில் புகுந்து என்னை நிறுத்த முடியாது. தை பிறந்தால் உனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கும் ஒருநாள் கல்யாணம் ஆகும், உனக்கு ஓரகத்தி என்று ஒருத்தி வருவாள். சமையல், சீர், மாமியார் எல்லாவற்றுக்கும் புத்தி சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. ஓரகத்தியைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியானவள் இந்த ஆலங்காயம் பக்கத்தில் கிடையாது. இந்தக் கடிதத்தை நீ என் ஓரகத்தியிடம், அதுதான் உன் சித்தியிடம், காட்டுவாய் என்பதும் எனக்குத் தெரியும். காட்டு. தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆவணியில் நீ வந்ததிலிருந்து தொடங்குகிறேன். அணைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிற வேலை உனக்கு. யார் யாருடைய அணையையோ ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறாய், உங்கப்பா கட்டிய அணையைப் பார்க்க உனக்கு நேரமில்லையா என்று நச்சரித்து நான்தான் கூப்பிட்டேன். மலையடிவாரத்தில் இரண்டு கரடுகளுக்கு நடுவே, நம் சொந்தப் பட்டா நிலத்தில், உங்கப்பா மண்ணைக் கொட்டி இறுக்கி எழுப்பிய கரை. கரட்டில் பெய்கிற மழையெல்லாம் அதில் வந்து தேங்கும். உன் சித்தப்பா அதைக் குட்டை என்பார், உங்கப்பா டேம் என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அண்ணன் தம்பிக்குள் எத்தனையோ நாள் பேச்சு நின்றிருக்கிறது. நீ வந்து கரையைப் பார்த்து, "அப்பா நல்லாத்தான் கட்டியிருக்காரு" என்று சொல்வாய், அதை உன் சித்தி காதில் விழுகிற மாதிரி நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன் என்று ஆசைப்பட்டேன். நீயோ வந்த முதல் நாள் கரைப் பக்கமே போகவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கிப் பையை வீசிவிட்டு நேரே கீழே உன் சித்தி வீட்டுக்குப் போனாய். பொழுது சாய்ந்துதான் திரும்பினாய். சாப்பாடும் அங்கேயே ஆகிவிட்டிருந்தது. உனக்காக அடித்துக் குழம்பு வைத்த நாட்டுக்கோழியை நான் ஒருத்தியே உட்கார்ந்து தின்றேன்.

"டேமு மேல இருக்குது, நீ கீழ போயி இன்னாடி பாத்த?" என்று கேட்டேன்.

"லைன் வீட்டுல எத்தினி பேரு தங்கறாங்க, பகல்ல எத்தினி பேரு, தூங்கும்போது எத்தினி பேருன்னு கேட்டுக்கினு இருந்தேம்மா. சித்திதான் ஒவ்வொரு ரூமா கூட்டினு போய் காட்னாங்க."

அப்போது எனக்கு ஏறியது பார், அந்தச் சூடு. என் அணையை அளக்க வந்தவள் அவள் வீட்டு அறைகளை அளந்துகொண்டிருந்திருக்கிறாள்!

அந்த அறைகளின் கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் என் வாயால் கேள். பாகம் பிரித்தபோது மேட்டு நிலமும் அணையும் நமக்கு வந்தன, கீழ் நிலமும் ரோட்டோரமும் அவர்களுக்குப் போயின. அன்று நான் உள்ளுக்குள் சிரித்தேன். தண்ணீர் நம்மிடம் இருக்கிறது, வெறும் ரோட்டை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்த ரோட்டில்தான் ஷூ கம்பெனி வந்தது. ஜவ்வாது மலையிலிருந்து வேலைக்கு இறங்கி வரும் பெண்களுக்குத் தங்க இடம் வேண்டியிருந்தது. உன் சித்தி வரிசையாக அறைகளைக் கட்டி வாடகைக்கு விட்டாள். அப்புறம் இன்னொரு வரிசை. அப்புறம் ஸ்டீல் கேட். அந்தப் பெண்கள் அவளை அம்மா என்று கூப்பிடுகிறார்கள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு அவள் வாசலில் நின்று டீ ஊற்றிக் கொடுப்பதை நான் கரை மேல் நின்று பார்ப்பேன். மேட்டில் இருப்பவளுக்கு எல்லாமே தெரியும், அதுதான் பேஜார்.

கேட்டும் வாடகையும் போகட்டும். என் வயிற்றெரிச்சல் அதற்கு முன்னாலேயே ஆரம்பித்தது. நான் ஆம்பூரில் ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக்கொண்டிருந்த வருஷங்களில் உன்னைப் பார்த்துக்கொண்டவள் அவள். நான் விடிவதற்குள் கம்பெனி பஸ் பிடித்துவிடுவேன். உன் தலையைப் பின்னி ஸ்கூலுக்கு அனுப்புவது அவள் வேலை. இரட்டைப் பின்னல், எண்ணெய் வழியாமல், வகிடு கோணாமல். ஞாயிற்றுக்கிழமை நான் ஆசையாகச் சீப்பை எடுத்தால், "சித்தி மாரி வராது, நீ இழுக்கற" என்று தலையை உருவிக்கொண்டு ஓடுவாய். உனக்கு நினைவிருக்காது, எனக்கு இருக்கிறது. பெரிய மனுஷியானதை நீ முதலில் சொன்னது அவளிடம். வேலை கிடைத்ததும் முதல் போன் அவளுக்கு. மாப்பிள்ளை போட்டோவை முதலில் பார்த்தவளும் அவள்தான், எனக்கு அது தெரியாது என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவளுக்குக் குழந்தை இல்லை, பாவம் என்பார்கள் ஊரில். பாவமாம்! என் குழந்தையில் பாதியை எடுத்துக்கொண்டவளுக்கு என்ன பாவம்?

மறுநாள் ஒருவழியாகக் கரைக்கு வந்தாய். காலால் அளந்தாய், குனிந்து பார்த்தாய், பின்பக்கச் சரிவில் இறங்கினாய். கரையடியில் எப்போதும் கொஞ்சம் ஈரம் கசியும், அங்கே நான் கீரை போட்டிருந்தேன். அந்தப் பாத்தியை மிதித்து நின்று, கசிவைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாய். தெளிவாக இருக்கிறது, மண் கலங்கி வந்தால்தான் பயம் என்றாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கரை மேல் முளைத்த வேப்பங்கன்றுகளைப் பிடுங்கச் சொன்னாய், வேர் இறங்கினால் கரைக்குள் வழி உண்டாகும் என்றாய், அதற்கும் தலையாட்டினேன். அப்புறம் கோடிப் பக்கம் போனாய். அணை நிறைந்தால் தண்ணீர் கரை மேல் ஏறாமல் ஓரமாக வழிந்து போவதற்குக் கரையைவிடத் தாழ்வாகப் பாறை மேல் விட்ட வழிதான் நம் பக்கத்தில் கோடி. அந்தத் தண்ணீர் இறங்கி உன் சித்தியின் கிணற்றோரக் குட்டைக்குப் போகும். உங்கப்பா இருந்தவரை அது திறந்தே இருந்தது. இப்போது அங்கே இடுப்பு உயரத்துக்கு நான் அடுக்கி வைத்திருந்த மூட்டைகளைப் பார்த்ததும் நீ நின்றுவிட்டாய்.

"இன்னாம்மா இது?"

"மூட்டை."

"மூட்டைன்னு தெரியுது. உள்ள இன்னா இருக்குது?"

"கட்டிங் வேஸ்ட்டு. மண்ணு போட்டா கரஞ்சி போய்டும்னு தோலுத் துண்டு போட்டு அடைச்சேன். ஊறுனா உப்பிக்கும், ஒரு சொட்டு வெளிய போவாது."

ஷூவுக்குத் தோல் வெட்டியபின் மிஞ்சும் துண்டுகள். கம்பெனியில் தெரிந்தவர்களிடம் கேட்டால் சும்மாவே தருவார்கள். தோலோடு புழங்கிய நம் ஆட்களைத் தவிர யாருக்கு இந்த யோசனை வரும் என்று எனக்கு அதில் ஒரு கர்வம் வேறு இருந்தது.

நீ தலையில் கை வைத்துக்கொண்டாய். "மண்ணு கரைம்மா இது! மேல தண்ணி ஏறுச்சின்னா அவ்ளோதான். பின்னால மண்ண அறுத்துக்கினே வந்து மொத்தமும் போய்டும். அதுக்குத்தான அப்பா கோடி வுட்டாரு? தண்ணிய எதுக்குமா இவ்ளோ ஒசரம் நிறுத்தி வச்சிருக்கற?"

"வேஸ்டா போவுதேன்னு அடைச்சேன்" என்றேன். அது பொய் என்று உனக்குத் தெரியாது.

"இது ஹை ஹசார்டும்மா" என்றாய். அணைகளுக்கு வகுப்பு உண்டு, நம்முடையது இருப்பதிலேயே மேல் வகுப்பு என்று விளக்கினாய். மேல் வகுப்பு என்றதும் ஒரு நொடி நான் சந்தோஷப்பட்டேன், சிரிக்காதே. அப்புறம்தான் அது அபாயத்தின் வகுப்பு என்று புரிந்தது. "உங்கப்பா கட்னது மட்டம்னு சொல்றியா?" என்று சண்டைக்கு வந்தேன்.

"அப்பா நல்லாத்தான் கட்டியிருக்காரு. இந்த வகுப்பு அணை எப்டி இருக்குன்னு சொல்றது இல்லம்மா. அது ஒடஞ்சா கீழ யாருக்கு இன்னா ஆவும்னு சொல்றது. முன்ன கீழ வெறும் கம்பங்கொல்லை. அப்ப இத யாரும் கண்டுக்க மாட்டாங்க. இப்ப அங்க அத்தினி பொண்ணுங்க தூங்கறாங்க."

நான் ஆசைப்பட்ட வார்த்தை உன் வாயிலிருந்து வந்தது, ஆனால் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாதபடி வந்தது. "அவ கீழ வீடு கட்னா என் டேமுக்கு வகுப்பு மாறுமா? இது எந்த ஊரு நியாயம்? அவள காலி பண்ணச் சொல்லு!" என்று கத்தினேன். நீ குனிந்து ஒரு மூட்டையை இழுத்தாய். நான் போய் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். இந்த வயதில் தாயும் மகளும் ஒரு தோல் மூட்டைக்காகக் கட்டிப் புரண்டதை ஆடு மேய்க்கிறவன் பார்த்துவிட்டுப் போனான். "மழைக்கு முன்னாடி ஆளோட வர்றேன், அப்ப பாத்துக்கறேன்" என்று நீ கிளம்பினாய். "வா, பெத்தவள போலீஸ்ல புடிச்சிக் குடு" என்றேன். நீ பஸ் ஏறும்முன் உன் சித்தியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனாய்.

நீ ஆளோடு வருவதற்குள் மழை வந்துவிட்டது. ஐப்பசியில் விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த மழை ஒரு வெள்ளிக்கிழமை பிடித்து, விடவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை யூரியா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனேன். தண்ணீர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. மாடு ஏறி இறங்கி நடுக்கரை கொஞ்சம் அமுங்கியிருக்கும் அல்லவா, அந்த இடத்தில் கரை மேட்டுக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை. காற்றடிக்கும்போது அலை மேலே வந்து நக்கியது. பின்பக்கம் இறங்கிப் பார்த்தேன். கீரைப் பாத்தியில் கசிவு செம்மண் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மூட்டையை இழுத்தேன். தோல் ஊறி உப்பி, ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு அசையவே இல்லை. கீழே பார்த்தேன். லீவு நாள், எல்லாப் பெண்களும் அறையில்தான் இருந்தார்கள். தாழ்வாரத்தில் ஒருத்தி உட்கார்ந்திருக்க இன்னொருத்தி அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது, ஐயோ அவள் வாசலில் போய் நிற்க வேண்டுமே என்பதுதான். மறைக்க மாட்டேன். உங்கப்பா காரியத்துக்கு அப்புறம் அந்த வாசலை நான் மிதித்ததில்லை, அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. சேற்றில் வழுக்கி விழுந்து எழுந்து அந்த ஸ்டீல் கேட்டைத் தட்டினேன். உன் சித்தப்பா ராணிப்பேட்டையில் கம்பெனி வண்டி ஓட்டப் போயிருந்தார். அவள்தான் வெங்காயம் நறுக்கிய கையோடு வந்தாள்.

"அக்கா? இன்னாக்கா இந்த மழையில?"

"பொண்ணுங்கள வெளிய கூப்புடு. ரோடு தாண்டி மேட்டு ஸ்கூலுக்குப் போவச் சொல்லு. டேமு தாங்காது போலக்குது."

"தாங்காதுன்னா?"

"கோடிய அடைச்சி வச்சிருக்கறேன். நான்தான் அடைச்சேன்."

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டியிருக்கலாம். என் முகத்தைப் பார்த்தாள், திரும்பி ஒரே ஒரு குரல் கொடுத்தாள். "சாமான எடுக்காதீங்க, அப்படியே எறங்குங்கடி!" அத்தனை பேரும் ஈரத் தலையோடும் பாதிப் பின்னலோடும் இறங்கி ஓடினார்கள். ஒருத்திகூட ஏன் என்று கேட்கவில்லை. என் வீட்டில் ஒரு பூனைகூட என் பேச்சைக் கேட்காது. அந்த அவசரத்திலும் எனக்கு அது உறுத்தியது என்றால் நான் எப்பேர்ப்பட்டவள் என்று பார்த்துக்கொள்.

நானும் அவர்களோடு ஓடியிருப்பேன். அவள்தான் கடப்பாரையையும் அரிவாளையும் தூக்கிக்கொண்டு, "வாக்கா" என்று முன்னால் ஏறினாள். மேல் வரிசையிலிருந்து ஒவ்வொரு மூட்டையாக வயிற்றைக் கிழித்தோம். கறுப்பும் பழுப்புமாகத் தோல் துண்டுகள் பிதுங்கி விழுந்தன, அந்த நாற்றம் குடலைப் புரட்டியது. "இன்னாக்கா இது, தோலா?" என்று அந்த மழையிலும் அவள் சிரித்தாள். மேல் வரிசை போனதும் தண்ணீர் வழி கண்டு பாறையில் இறங்க ஆரம்பித்தது. அடுத்த வரிசையைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டே, "எனுக்குத் தண்ணி வரக்கூடாதுன்னுதான அடைச்ச?" என்று கேட்டாள்.

"தண்ணி இல்லடி."

"பின்ன?"

பாப்பா, உன்னிடம் சொன்ன பொய்யை அவளிடம் சொல்ல முடியவில்லை. ஏரியோ குட்டையோ, நிறைந்து கோடி போனால் நம் பக்கத்தில் அப்படியே விட மாட்டார்கள். அந்த வீட்டுச் சுமங்கலி தலை நிறையப் பூவோடு தாம்பாளம் ஏந்தி வந்து மஞ்சளும் குங்குமமும் வளையலும் அந்தத் தண்ணீரில் விட வேண்டும். நம் டேம் கோடி போனபோதெல்லாம் நான் விட்டேன், அவள் பின்னால் நின்றாள். உங்கப்பா போன பிறகு இனி விடப்போகிறவள் அவள், தள்ளி நிற்கப்போகிறவள் நான். கோடியே போகாவிட்டால் அதைப் பார்க்க வேண்டாம் அல்லவா? அதற்குத்தான் அத்தனை மூட்டையும்.

"நீ பூவும் பொட்டுமா வந்து வளையல் வுடுவ, நான் ஓரமா நின்னு பாக்கணும். எங்கூட்டு டேமுக்கு நீ வளையல் வுடறத என்னால பாக்க முடியாதுடி" என்று கத்திவிட்டேன். அவள் கடப்பாரையை இன்னும் வேகமாக இறக்கினாள். கடைசி மூட்டை போனபோது இரண்டு பேருக்கும் கை தூக்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் தண்ணீர் கரையை விட்டு நன்றாக இறங்கிவிட்டது. மறுநாள் காலை கீரைப் பாத்தியில் கசிவு தெளிந்திருந்தது.

அன்று காலையில் அவள் தாம்பாளத்தோடு வந்தாள். பூ வைத்துக்கொண்டு வரவில்லை, வெறும் தலையோடு வந்தாள். நீட்டி, "நீ வுடுக்கா" என்றாள்.

"எவளாவது பாத்தா இன்னா சொல்லுவா?"

"டேமு உன்னுதா, பாக்கறவளுதா?"

எனக்குக் கண் கலங்கியது உண்மை. அந்தப் பெரிய மனசும் எனக்கு முன்னால் அவளுக்கு வந்துவிட்டதே என்று எரிந்ததும் உண்மை. தாம்பாளத்தை வாங்கினேன். மஞ்சள், குங்குமம், அப்புறம் வளையல். ஒன்று விடாமல் அத்தனை வளையலையும் நானே விட்டேன், அவளுக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. காலித் தாம்பாளத்தைப் பார்த்து, "மொத்தமுமாக்கா?" என்றாள். மொத்தமும்தான் என்றேன். தண்ணீர் அவள் குட்டைக்குத்தானே போகிறது, வேண்டுமானால் அங்கே போய்ப் பொறுக்கிக்கொள்ளட்டும்.

உனக்குச் சொல்ல வந்தது இதுதான். ஓரகத்தி வந்தால் பொறாமை வரும். வராது, நாங்கள் அக்கா தங்கை மாதிரி என்று எவளாவது சொன்னால் நம்பாதே. அவள் பின்னல் உன் பின்னலைவிட நன்றாக இருக்கும், உன் குழந்தை அவள் மடியில் போய்த் தூங்கும். எரியட்டும், அழு, பாத்திரத்தைப் போட்டு உடை, என்னைக் கூப்பிட்டுத் திட்டு. ஆனால் அந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைக்கிறாய் என்று மட்டும் பார்த்து வை. நான் கொண்டுபோய்க் கோடியில் வைத்தேன். உனக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிற சண்டைக்குக் கீழே யாரோ படுத்துத் தூங்கிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கு உங்கள் இரண்டு பேர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

நேற்று உன்னிடம் போனில் கேட்டேன். கோடி திறந்தாயிற்று, நடுக்கரைப் பள்ளத்தையும் மண் போட்டுத் தூக்கப் போகிறேன், இப்போதாவது வகுப்பு இறங்குமா என்று. "எறங்காதும்மா. கீழ ஆளுங்க இருக்கற வரைக்கும் அது ஹை ஹசார்டுதான்" என்றாய். வருகிற வாரம் ஆளோடு வந்து கசிவைப் பார்க்கிறேன் என்றாய். "மழை ஜாஸ்தியானா மேல இருக்கறவங்க தண்ணிய பாத்து கீழ இருக்கறவங்களுக்கு ஒடனே போன் பண்ணணும். யாரு பண்றதுன்னு மொதல்லயே முடிவு பண்ணி வைக்கணும்" என்றாய். அதில் முடிவு பண்ண என்ன இருக்கிறது, நான்தான் பண்ணுவேன். என் டேம். உன்கூடவே வந்து இரு என்று கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்து கூப்பிடுகிறாய், அதை விட்டுவிடு. மழைக்காலத்தில் நான் இந்தக் கரையை விட்டு எங்கேயும் வர முடியாது.

ஒன்றுதான் குறை. அவள் போன் நம்பர் என்னிடம் இல்லை. நேரில் கேட்டால் தருவாள். தருவதோடு விட மாட்டாள், என் போனை வாங்கி அவளே பேர் போட்டு, போட்டோ போட்டு, சிரித்துக்கொண்டே கையில் கொடுப்பாள். அதனாலேயே கேட்க மாட்டேன். நீ அனுப்பு. கரட்டுப் பக்கம் மறுபடி இருட்டிக்கொண்டு வருகிறது, இன்றைக்கே அனுப்பு.

அம்மா